மேடைத் தமிழைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

தமிழ்நாட்டு அரசியலில் மொழியைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அடுக்குமொழி பேசி ஆட்சியைப் பிடித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. கேட்டவர்களை ஏமாளிகள் ஆக்கிவிடுகிறது.

1967 தேர்தலை எடுத்துக்கொள்வோம். "ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றது திமுக. ஓசை நயம் காதில் நின்றது, சரி. ஆனால் அன்று ஊரெங்கும் அரிசித் தட்டுப்பாடு. பசித்தவர்களிடம் அரிசியைப் பற்றிப் பேசியதால்தான் அந்த வரி எடுபட்டது. அதன் உண்மையான திறமை, லட்சியம், நிச்சயம் என்று இரண்டாகப் பிரித்ததில் இருக்கிறது. மூன்று படிக்கு ஆசை காட்டி, ஒரு படிக்கு மட்டும் பொறுப்பேற்கிறது. ஆட்சிக்கு வந்த பிறகு சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டம் தொடங்கியது; செலவு தாங்காமல் நீடிக்கவில்லை. வாக்குறுதியில் எந்தச் சொல் ஆசை, எந்தச் சொல் உறுதி என்று பிரித்துக் கேட்காமல் விடுகிறோமே, அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

எளிமையாகப் பேசுபவருக்குப் பேச்சு வராது என்று நினைப்பதும் தவறு. காமராஜரின் "ஆகட்டும், பார்க்கலாம்" இரண்டே சொல். அலங்காரம் இல்லாததே அந்தச் சொற்களுக்கு நம்பிக்கையைக் கொடுத்தது.

அப்புறம், பெயர்கள். 2011க்குப் பிறகு அரசுத் திட்டங்களில் 'இலவச' என்பது 'விலையில்லா' ஆனது. வெறும் சொல் மாற்றம் என்று பலர் ஒதுக்கினார்கள். 'இலவசம்' என்றால் கையேந்தி வாங்குவதுபோல் இருக்கிறது. 'விலையில்லா' என்றால் அந்தக் கூச்சம் இல்லை. வாங்குகிறவரின் மரியாதையைக் காத்த மாற்றம் என்றே நான் நினைக்கிறேன். 2021-இல் 'ஒன்றிய அரசு' என்ற சொல் சர்ச்சையானபோதோ, அது மட்டும்தான் அரசியல், 'மத்திய அரசு' நடுநிலையான சொல் என்று வாதிட்டார்கள். நடுவில் ஒன்று, ஓரத்தில் மற்றவை என்ற படம் 'மத்திய' என்ற சொல்லுக்குள்ளும் இருக்கிறது. அரசியலமைப்பின் முதல் பிரிவோ இந்தியாவை மாநிலங்களின் ஒன்றியம் என்கிறது.

கடைசியாக, வினைச்சொல்லைக் கவனிக்காமல் விடுவது. "கட்டணம் உயர்த்தப்பட்டது", "தடியடி நடத்தப்பட்டது" என்று படிக்கும்போது, செய்தவர் யார் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை. அதே கட்டணம் குறைந்தால், பெரும்பாலும் குறைத்தவரின் பெயர்தான் முதலில் வரும்.