நர்சம்மாவுக்கு நினைவு மலர்: பதினாறாம் நாளுக்குள் முடிப்பது எப்படி

நர்ஸாக இருந்த ஒரு அம்மாவின் காரியத்தன்று கையில் தரும் மடிப்புத்தாளில் பெரும்பாலும் ஒரு போட்டோ, தோற்றம், மறைவு, கீழே "கருணையின் வடிவம்", "தியாகச் சுடர்" என்று இரண்டு வரி, அவ்வளவுதான் இருக்கும். போட்டோவை மாற்றிவிட்டால் அதே தாள் எந்த அம்மாவுக்கும் பொருந்தும். அவருக்கு மட்டுமே பொருந்துகிற எட்டுப் பக்க மலர் ஒன்றை இரண்டு வாரத்தில் தயாரிக்கலாம்.

யாரிடமும் பேசுமுன் பீரோவைத் திறங்கள். பணிப்பதிவேட்டின் நகல், மாறுதல் ஆணைகள், ஓய்வூதிய ஆணை, நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தவர் என்றால் அனுபவச் சான்றிதழும் பிஎஃப் சீட்டும். ஒரு முழுத்தாளில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: வருடம், வேலை பார்த்த இடம், அந்த வருடம் வீட்டில் நடந்தது. இந்த மூன்றாவது பத்தியை யாரும் போடுவதில்லை. மலருக்கு உயிர் அங்கேதான் இருக்கிறது. மூத்தவன் பத்தாம் வகுப்பு எழுதிய மார்ச்சில் அம்மாவுக்கு நைட் ட்யூட்டி என்பது இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். "நர்ஸாக", "தாயாக" என்று தனித்தனித் தலைப்பு போட்டால் அது தொலைந்துபோகும்.

தேதிகளில்தான் அதிகம் தவறுவார்கள். சர்டிபிகேட்டில் இருக்கும் பிறந்த தேதியும் ஜாதகத்தில் இருப்பதும் வேறாக இருக்கலாம். ஒன்றை முடிவு செய்து, வயதையும் அதிலிருந்தே கணக்கிடுங்கள். இடங்களை அந்தந்த வருடத்தில் இருந்தபடி எழுதுங்கள். சேலத்தை எடுத்துக்கொண்டால், அங்கே மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1986இல். அதற்கு முன் சேலம் அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரை "மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்ந்தார்" என்று எழுதக் கூடாது; "பெரியாஸ்பத்திரி" என்றாலே ஊருக்குப் புரியும். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல், ஆகவே 1988இல் ராசிபுரத்தில் இருந்தவர் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தார். பெற்றவர்கள் வளர்க்க விரும்பாத குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லும் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் வந்தது 1992இல். போலியோ முகாம் நாட்கள் தொடங்கியது 1995இல். அதற்கு முன்பும் சொட்டு மருந்து உண்டு, முகாம் நாள் கிடையாது.

பொதுச் சேவையிலும் இதே கறார் வேண்டும். "நூறு முறை ரத்த தானம் செய்தவர்" என்று யாராவது சொன்னால் கணக்குப் போடுங்கள். இப்போதைய விதிப்படி பெண்கள் 4 மாதத்துக்கு ஒருமுறைதான் கொடுக்கலாம். வருடத்துக்கு 3 என்றால் நூறுக்கு 33 வருடம் ஆகும். கொடையாளர் அட்டைகளை எண்ணி 22 என்று வந்தால் 22 என்றே போடுங்கள். அதுவே பெரிய எண்.

அடுத்து ஆட்கள். கூட வேலை பார்த்தவர் இருவர், ஆயாம்மா ஒருவர், தெருக்காரர் ஒருவர், பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் போதும். ஆயாம்மாவை விட்டுவிடாதீர்கள், வார்டில் நடந்தது அவருக்குத்தான் முழுசாகத் தெரியும். "அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமானவங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்த காலத்தில் அந்த வேலையை யார் செய்வார்கள், கைக்கடிகாரத்தை எந்தப் பக்கம் திருப்பிக் கட்டுவார், டிபன் பாக்ஸில் என்ன இருக்கும், யாரிடம் கோபப்படுவார் என்று கேளுங்கள். கோபத்தைப் பற்றிக் கேட்டால்தான் ஆள் கண்முன் வருவார். ஏற்காட்டுப் பக்கம் நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற ஊர்களில் வேலை பார்த்தவர் என்றால் போனை நம்பாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி நேரில் போங்கள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பகலில் வீட்டில் ஆள் இருக்காது, பொழுது சாய்ந்தபின் போங்கள். நான்கு ஐஸ் பேக் வைத்த தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டி எந்த ஒற்றையடிப் பாதையில் நடந்தார் என்பதைக் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நோயாளியின் பெயர், நோய், யாருக்கு எந்தச் சூழ்நிலையில் பிரசவம் பார்த்தார், தொட்டிலில் வந்த குழந்தை எந்த ஊருடையது, எதுவும் அச்சில் வரக் கூடாது. சொல்கிறவர் சம்மதித்தாலும் சம்பந்தப்பட்டவர் சம்மதிக்கவில்லை. அம்மா வாயைத் திறக்காமல் வைத்திருந்ததை மலரில் திறந்துவிட வேண்டாம். "மலைக்கிராமத்துப் பெண் ஒருவர்" என்று எழுதினாலும், அந்த ஊரில் 40 வீடுதான் என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எழுதும்போது ஒவ்வொரு புகழ்ச்சொல்லையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு செயலை வையுங்கள். "குழந்தைகள்மேல் பேரன்பு கொண்டவர்" என்பதை விட "ஊசி போடுமுன் உள்ளங்கையை உரசிச் சூடாக்கிக்கொண்டுதான் குழந்தையைத் தொடுவார்" என்பது நிற்கும். மொத்தம் 450 வார்த்தை போதும். காரியத்தில் வாசித்தால் நான்கைந்து நிமிடம் வரும். அதற்கு மேல் போனால் பந்திக்கு இலை போடத் தொடங்கிவிடுவார்கள். ஊர் அவரை "நர்சம்மா" என்றே கூப்பிட்டிருந்தால் அட்டையில் முழுப்பெயருக்குக் கீழே அதையும் போடுங்கள். பாதிப் பேருக்கு முழுப்பெயர் தெரியாது.

போட்டோக்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். மலையில் ஈரப்பதம் அதிகம், பழைய படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். உரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். 10க்கு 15 செ.மீ. அளவில் அச்சாக 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் சுமார் 1200க்கு 1800 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஏ4 தாளை மடித்த எட்டுப் பக்கம் என்றால் இரண்டு தாள். பக்கங்கள் நான்கின் மடங்கில் இல்லாவிட்டால் வெற்றுப் பக்கம் விழும். பன்னிரண்டாம் நாளாவது டிடிபிக்கு (கணினியில் பக்கம் அமைப்பவரிடம்) கொடுத்துவிடுங்கள். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்ததை அவர்கள் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது "ஸ்ரீ", "க்ஷ", கொம்புகள் உடையும். திரையில் பார்த்துச் சரி என்று சொல்லாதீர்கள். தாளில் எடுத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் மூலத்தோடு ஒத்துப்பாருங்கள். குடும்பப் பெயர்ப்பட்டியலைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். விடுபட்ட மருமகன் அப்போதுதான் கண்ணில் படுவார். அதில் விட்ட ஒரு பெயருக்கு வருடக்கணக்கில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பிரதிகளில் பத்தை எடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள், வருஷ திதிக்குக் கேட்பார்கள். இரண்டை அவர் வேலை பார்த்த வார்டுக்குக் கொடுங்கள். டிடிபி கோப்பைப் பென்டிரைவில் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்; அடுத்த கல்யாணப் பத்திரிகை வந்ததும் அச்சகக் கம்ப்யூட்டரில் அது இருக்காது.