தோட்டத்துப் பாதைக்கு சிமெண்ட் வேணாம்

தோட்டத்துல நடைபாதை போட ரெண்டு இஞ்ச் கனத்துல கடப்பா கல் வாங்கினா, அதை சிமெண்ட் வச்சு பூசாதீங்க, நாலு இஞ்ச் தோண்டி தரையை திம்சுக் கட்டையால இடிச்சுட்டு ரெண்டு இஞ்ச் எம்-சாண்ட் (கல்லை அரைச்ச மணல்) பரப்பி கல்லை வச்சு ரப்பர் சுத்தியலால தட்டி, இடுக்குல மணலைக் கூட்டித் தள்ளுனா போதும். காரைக்குடிப் பக்கம் ஐப்பசில கொட்டுற மழைத் தண்ணி இடுக்கு வழியா இறங்கி பக்கத்து நந்தியாவட்டை வேருக்குப் போயிரும். அடியில பைப் உடைஞ்சாலும் ரெண்டு கல்லை நெம்பி எடுத்து திரும்ப வச்சுக்கலாம், உடைக்கிற கூலி மிச்சம்.

கார் ஏறுற இடத்துக்கும் சரிவான இடத்துக்கும் இது ஆகாது, மணல் அரிச்சுட்டுப் போயிரும். அப்புறம் வீட்டுல மிச்சமிருக்கேன்னு ஆத்தங்குடி கல்லை (கலர் சிமெண்ட் டைல்ஸ்) வெயில்ல போட்டுறாதீங்க, கலர் வெளுத்துரும், அது நிழல் திண்ணைக்குத்தான் லாயக்கு.