ஐந்தாம் வார்த்தை உங்களுக்கு வந்தால்

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனைக்கு, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைப் பேசுகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது ஐந்தாவதை யாரும் கேட்டு வாங்குவதில்லை. "தாகமாயிருக்கிறேன்." இதை வைத்துப் பதினைந்து நிமிடம் என்ன பேசுவது என்று கையைப் பிசைவார்கள். எனக்கோ ஏழிலும் பிடித்தது இதுதான்.

முதலில் யோவான் 19:28-30ஐச் சத்தமாக வாசியுங்கள், மூன்று நான்கு தடவை. விளக்கவுரை எல்லாம் அப்புறம். கண்ணில் படும் பொருள்களைத் தாளில் எழுதுங்கள்: காடி நிறைந்த பாத்திரம், காடியைத் தோய்த்தெடுத்த கடற்காளான் (கடற்பஞ்சு), அதை மாட்டி நீட்டிய ஈசோப்புச் செடியின் தண்டு. காடி என்பது புளித்த திராட்சரசம். ரோமச் சேவகர்கள் தண்ணீர் கலந்து குடிக்கிற மலிவான சரக்கு. காவல் நின்றவர்கள் தங்களுக்கென்று வைத்திருந்ததாகத்தான் இருக்கும். சரி, இப்போது மாற்கு 15:23க்குப் போங்கள். சிலுவையில் அறையுமுன் இயேசுவுக்கு வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் கலந்த திராட்சரசம் கொடுக்கிறார்கள். வலி மரத்துப்போகக் கொடுப்பது என்பார்கள். அதை வேண்டாம் என்றவர் இதை வாங்கிக்கொள்கிறார். ஏன்? உங்கள் தியானத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும். வேதனையிலிருந்து தப்பிக்க விரும்பாதவர், ஆணியடித்தவர்களிடமே ஒரு வாய் கேட்டு வாங்கக் கூச்சப்படவில்லை என்பது என் எண்ணம். உங்களுக்கு வேறு தோன்றலாம்.

"ஆத்துமாக்கள்மேல் அவருக்குத் தாகம்" என்று உடனே தாவிவிடாதீர்கள். தப்பில்லை, ஆனால் அவசரம். முதலில் அவர் நாவு மேல்வாயோடே ஒட்டட்டும். சங்கீதம் 22:15 அங்கேதான் நிற்கிறது. சமாரியப் பெண்ணிடம் ஜீவத்தண்ணீர் தருவேன் என்றவருக்கு இங்கே தொண்டை வறண்டுவிட்டது. கிறிஸ்து பாடுபட்டது வெறும் தோற்றம்தான் என்று ஆதிச் சபைக் காலத்திலேயே சொல்லித் திரிந்தவர்கள் உண்டு. அவர்கள் இந்த வசனத்தை எப்படித் தாண்டினார்களோ!

எதிரே இருப்பவர்களில் பலர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் உபவாசம் இருப்பவர்கள். வெளியே கோடை வெயில். தாகம் எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு வர்ணிக்க வேண்டாம். ஆணி, இரத்தம் என்று நீட்டி முழக்கவும் வேண்டாம். சுவிசேஷங்களே "சிலுவையில் அறைந்தார்கள்" என்பதோடு கடந்துபோகின்றன.

ஈசோப்பைப் பார்த்ததும் யாத்திராகமம் 12:22க்கு, ஈசோப்புக் கொத்தால் வாசல் நிலைகளில் தெளித்த பஸ்கா ஆட்டின் இரத்தத்துக்கு ஓட ஆசை வரும். நேரம் இருந்தால் ஒரு வரி.

முப்பதாம் வசனத்தில் காடியை வாங்கியதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "முடிந்தது" ஆறாம் வார்த்தைக்காரருக்கு. அவர் பக்கத்து நாற்காலியில் குறிப்போடு காத்திருப்பார்.