பெயர் ஒன்று, நடத்தை வேறு: சாக்கெட் அமைப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸில் எழுதிய சர்வர் நிரலை விண்டோஸுக்குக் கொண்டுபோகும்போது, பிழையின்றி கம்பைல் ஆகிவிட்டதே என்று நிம்மதி அடைவதுதான் முதல் தவறு. நெட்வொர்க்கில் பேச நிரல் திறக்கும் இணைப்புமுனைதான் சாக்கெட்; அதன் நடத்தையை மாற்றும் அமைப்புகள் பலவற்றின் பெயர்கள் 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்திலிருந்து பரவியவை. பெயர் அப்படியே தங்கிவிட்டது, பொருள் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறிவிட்டது.

மிகவும் ஆபத்தானது, முகவரியை மறுபடி பயன்படுத்த அனுமதிக்கும் ரீயூஸ்அட்ரஸ். லினக்ஸில் ஒரு சர்வரை நிறுத்திவிட்டு உடனே மீண்டும் தொடங்கினால், பழைய இணைப்புகள் டைம்-வெயிட் என்ற, மூடிய பின் காத்திருக்கும் நிலையில் 60 வினாடி வரை நீடிப்பதால், முகவரி பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி சாக்கெட்டுக்கு முகவரி தரும் பைண்ட் அழைப்பு மறுத்துவிடும். ரீயூஸ்அட்ரஸ் அந்தத் தடையை நீக்குமே தவிர, வேறொரு நிரல் அதே முகவரியிலும் போர்ட்டிலும் (இணைப்பு வந்துசேரும் எண்) லிசன் செய்துகொண்டிருந்தால், அதாவது இணைப்புகளுக்காகக் காத்திருந்தால், அப்போதும் இடம் தராது. விண்டோஸிலோ, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் போர்ட்டிலேயே இரண்டாவது சாக்கெட் வந்து உட்கார அது வழிவிடும்; வரும் இணைப்பு இரண்டில் எதற்குப் போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சர்வரைத் தவறுதலாக இருமுறை ஓடவிட்டாலும் பிழைச்செய்தி வராது. தீய நோக்குள்ள நிரல் ஒன்று போர்ட்டைப் பறித்துக்கொள்ளவும் இடமுண்டு. இதைத் தடுப்பதற்கென்றே விண்டோஸ் என்டி 4.0-இன் சர்வீஸ் பேக் 4-இல் போர்ட்டை வேறு யாருக்கும் விடாத எக்ஸ்க்ளூசிவ்அட்ரஸ்யூஸ் என்ற அமைப்பு சேர்க்கப்பட்டது. விண்டோஸ் சர்வரில் வைக்க வேண்டியது அதைத்தான்.

அடுத்தது, தரவு பெறக் காத்திருப்பதற்கான காலவரம்பு. லினக்ஸ் இதை வினாடி, மைக்ரோவினாடி என்ற இரு புலங்கள் கொண்ட டைம்வால் கட்டமைப்பாக எதிர்பார்க்கிறது. விண்டோஸ் மில்லிவினாடியில் ஒரே ஓர் எண்ணாக எதிர்பார்க்கிறது. 5 வினாடி என்று நிரப்பிய கட்டமைப்பை விண்டோஸிடம் கொடுத்தால், முதல் நான்கு பைட்டுகளில் உள்ள 5-ஐ மட்டும் படித்து அதை 5 மில்லிவினாடியாக எடுத்துக்கொள்ளும். உள்ளூர் நெட்வொர்க்கில் சோதிக்கும்போது இது பெரும்பாலும் தெரியாது. தொலைவிலுள்ள சர்வருடன் பேசும்போதுதான் இணைப்பு ஓயாமல் அறுபடும். எதிர்த்திசையில், 5000 என்ற எண்ணை லினக்ஸிடம் கொடுத்தால் அளவு போதாது என்று பிழை திரும்பும். அந்த விடையைப் பார்க்காமல் விட்டவருக்குக் காலவரம்பே இருக்காது.

தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் பஃபரின் அளவில் லினக்ஸுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு: 65536 கேட்டால், தன் கணக்கு வழக்குக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கி, திரும்பக் கேட்கும்போது 131072 என்று சொல்லும். ஆகவே, கேட்டதும் கிடைத்ததும் சமமா என்று சோதிக்கும் நிரல் வீணாகக் கூச்சலிடும்.

இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6-க்குத் திறந்த சாக்கெட் பழைய பதிப்பான ஐபிவி4 இணைப்புகளையும் ஏற்குமா என்பதை இயல்பிருப்புக்கு விட்டுவிடக் கூடாது. பொதுவாக லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் ஏற்காது, ஓப்பன்பிஎஸ்டி-யும் ஏற்காது, அங்கே அதை மாற்றவே முடியாது. வந்த இணைப்பை ஏற்கும் அக்செப்ட் அழைப்பு தரும் புதிய சாக்கெட், லிசன் செய்யும் சாக்கெட்டின் நான்-பிளாக்கிங் நிலையை (காத்திராமல் உடனே திரும்புவது) பிஎஸ்டி-யில் பெறும், லினக்ஸில் பெறாது.

மறுமுனை மூடிவிட்ட இணைப்பில் எழுதினால் யூனிக்ஸ் வகை இயங்குதளங்கள் சிக்பைப் என்ற சமிக்ஞையை அனுப்பும். கையாளாவிட்டால் நிரல் அங்கேயே முடிந்துவிடும். மேக்கில் இதைத் தடுக்க சாக்கெட்டுக்கு நோசிக்பைப் அமைப்பு உண்டு. லினக்ஸில் தரவை அனுப்பும் ஒவ்வொரு செண்ட் அழைப்பிலும் நோசிக்னல் கொடியைச் சேர்க்க வேண்டும். விண்டோஸில் அந்தச் சமிக்ஞையே கிடையாது என்பதால், அங்கிருந்து வருபவர் தன் சர்வர் ஏன் லாகில் ஒரு வரிகூட இல்லாமல் மறைந்தது என்று வெகுநேரம் தேடுவார்.