ஆல்ப்ஸ் வேண்டாம், பான்ஸ்கோ போகலாம்

பனிச்சறுக்கு என்றதும் சுவிட்சர்லாந்துக்குக் கணக்குப் போட்டு மலைத்துப்போகிறவர்கள், பல்கேரியாவின் பான்ஸ்கோவை ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பிரின் மலையடிவாரத்து ஊர். தலைநகர் சோஃபியாவிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். பஸ்ஸில் மூன்று மணி நேரம். ஷெங்கன் விசாவே போதும், 2026 ஜனவரி முதல் அங்கே யூரோதான் நாணயம்.

பேக்கேஜ் வாங்குவதற்கு முன், அறைக்கும் மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் டிக்கெட்டுக்கும் வாடகைச் சறுக்குப் பலகைக்கும் தனித்தனியே விலை பாருங்கள். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி ரஸ்லோக்கில் தங்கினால் இன்னும் மிச்சமாகலாம்.

ஊரிலிருந்து மேலே போக ஒரே கொண்டோலா (கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் பெட்டி)தான். காலையில் அதன் வரிசையைப் பார்த்தால் பாதி உற்சாகம் போய்விடும். அதனால் காலணி, பலகையை முந்தைய மாலையே வாடகைக்கு எடுத்துவிடுங்கள். காலுக்கு ஒரே ஒரு காலுறை மட்டும் அணிந்து காலணியைப் போட்டுப் பாருங்கள்: நிமிர்ந்து நின்றால் விரல் நுனி லேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். தளர்வாக இருப்பதே சுகம் என்று நினைத்தால் மறுநாள் கொப்புளம்தான்.

பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள், பலவற்றில் இருக்காது. இரவுச் சாப்பாட்டுக்கு, ‘மெஹானா’ எனப்படும் உள்ளூர் உணவகங்களில் மண்சட்டியில் வரும் ‘கவர்மா’ என்ற இறைச்சிக் குழம்பு!