பிரிட்டனில் மருத்துவப் படிப்புக்கான நேர்முகம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் பிறந்தால் போதும், "அண்ணை, பிள்ளையை ஒருக்கா கேள்வி கேட்டுப் பாருங்கோ" என்று மாதிரி நேர்முகத்துக்காக லண்டனில் தெரிந்தவர்கள் யாராவது அழைப்பார்கள். வருகிற பிள்ளைகள் எல்லோரும் கெட்டிக்காரர்கள். ஆனாலும் வருடா வருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். நேரத்துக்குப் போ, முகத்தைப் பார்த்துப் பேசு என்பதையெல்லாம் பள்ளியிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பெயரைப் பார்த்து நான்கு இடங்களை நிரப்புவது

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவாக விண்ணப்பிக்கும் யூகாஸ் (UCAS) விண்ணப்பத்தில் மருத்துவத்துக்கு நான்கு தெரிவுகள்தான். ஐந்தாவதை வேறு படிப்புக்குத்தான் போடலாம். அக்டோபர் 15ஐத் தவறவிட்டால் ஒரு வருடம் போய்விடும். இவ்வளவு அருமையான நான்கு தெரிவுகளை, ஒரு தரவரிசைப் பட்டியலைத் திறந்துவைத்து மேலிருந்து கீழாக நிரப்புகிறார்கள். பக்கத்தில் அப்பாவோ அம்மாவோ இருந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்.

போன மாரியில் ஒரு பெண்பிள்ளையிடம், "ஏன் இந்தப் பல்கலைக்கழகம்?" என்று கேட்டேன்.

"உலகத்தரமான ஆராய்ச்சி நடக்கிற இடம்."

"சரி, உடற்கூற்றியலை அங்கே எப்படிப் படிப்பிக்கிறார்கள்? நீயே உடலை வெட்டிப் படிப்பாயா, வெட்டி வைத்ததைப் பார்த்துப் படிப்பாயா?"

பதில் இல்லை. முதல் வருடத்திலேயே நோயாளிகளைச் சந்திப்பாயா என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. ஐந்து ஆறு வருடம் வாழப்போகிற இடத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அதன் பெயர் மட்டும்தான்.

இங்கே ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு விதம். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் முதல் மூன்று வருடம் பெரும்பாலும் அறிவியல். வார்டு அதற்குப் பிறகுதான். மான்செஸ்டர் போன்ற இடங்களில் ஒரு நோயாளியின் கதையைச் சிறு குழுவிடம் கொடுத்துவிடுவார்கள். தங்களுக்கு என்ன தெரியவில்லை என்று மாணவர்களே எழுதிக்கொண்டு, தேடிப் படித்து, அடுத்த முறை கூடும்போது பேசித் தெளிய வேண்டும். இதைத்தான் பி.பி.எல். (PBL, பிரச்சினையை வைத்துப் படிப்பது) என்கிறார்கள். இரண்டையும் கலந்து நடத்தும் இடங்களும் பல உண்டு.

எனக்குத் தெரிந்த ஒரு பையன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குறிப்புகளை வரிவரியாகப் படிக்கிறவன். பெயருக்காக பி.பி.எல். இடமொன்றுக்குப் போனான். "எவ்வளவு படிச்சாப் போதும் எண்டு ஒருத்தரும் சொல்லுறாங்கள் இல்லை மாமா" என்று ஒரு நாள் இரவு போனில் அழுதான். குழுவில் வாய் திறக்கவே பயம். கடைசியில் இரண்டாம் வருடத்தைத் திரும்பப் படித்தான். இதே பிள்ளை விரிவுரைகள் நிறைந்த ஓர் இடத்தில் நன்றாகவே படித்திருப்பான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் மனம் ஆறவில்லை.

பெயர் இருந்தால்தானே நல்ல வேலை கிடைக்கும் என்று பெற்றோர் வாதாடுவார்கள். பிரிட்டனில் எங்கே மருத்துவம் முடித்தாலும், மருத்துவர்களைப் பதிவுசெய்கிற ஜி.எம்.சி. (GMC) அங்கீகரித்த பட்டம்தான். அதற்குப் பிறகு வரும் முதல் பயிற்சி வேலையை 2024 முதல் கல்லூரி மதிப்பெண்ணைப் பார்த்துக் கொடுப்பதில்லை. மாணவரின் விருப்பத்தையும் கணினி போடும் வரிசையையும் வைத்துத்தான் ஊர் ஒதுக்குகிறார்கள்.

ஆகவே பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க விடுகிற திறந்த நாளுக்கு (ஓப்பன் டே) போங்கள். மேடையில் பேசுகிற பேராசிரியரை விட்டுவிட்டு, ஓரமாக நிற்கிற இரண்டாம் வருட மாணவரைப் பிடித்து, "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவுவரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதில் உங்களுக்குப் பிடித்திருந்தால் விண்ணப்பியுங்கள். நேர்முகத்தில் "ஏன் இங்கே?" என்று கேட்கும்போதும் அதுவே கைகொடுக்கும்.

அழுகிறவருக்கு உடனே தீர்வு சொல்வது

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எம்.எம்.ஐ. (MMI) என்கிற நேர்முக முறைதான் இப்போது இங்கே பெரும்பாலான இடங்களில். அடுத்தடுத்துப் பல நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள். ஒன்றில் ஒரு நடிகர் இருப்பார். கதைப்படி அவருடைய பூனை உங்கள் காரில் அடிபட்டுச் செத்துவிட்டது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்ட கையோடு புதுப் பூனை வாங்கித் தருவதாகச் சொல்லிவிடுகிறார்கள். செய்தியைச் சொன்னதும் பேச்சை நிறுத்துங்கள். அவர் அழட்டும், கோபப்படட்டும். அப்புறம் அவர் சொன்னதிலிருந்து பேசத் தொடங்குங்கள்.

அறநெறியின் 'நான்கு தூண்களை' ஒப்பிப்பது

நோயாளியின் சுயமுடிவு, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்று அந்த நான்கையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டாம்.

அனுபவத்தைப் பட்டியல் போடுவது

எத்தனை ஆபரேஷன் பார்த்தீர்கள் என்பதற்கு மதிப்பெண் இல்லை. முதியோர் இல்லத்தில் தேநீர் கொடுக்கப் போன ஒரு பையன், கை நடுங்கும் பாட்டிக்கு ஊழியர் கோப்பையைப் பாதி மட்டுமே நிரப்பிக் கொடுத்ததைக் கவனித்துச் சொன்னான். கேட்க நன்றாக இருந்தது.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?"

இல்லை என்றால் இல்லை என்று சொல்லி, நன்றி கூறி எழுந்து வாருங்கள்.