பழைய பொம்மைச் சிப்பாய்களுக்கு மறுவண்ணமும் மறுவடிவமும்: தொடக்கநிலைச் செய்முறை

தூரிகையைத் தொடுவதற்கு முன், கையிலிருக்கும் சிப்பாய் எதனால் ஆனவர் என்று பார்த்துவிட வேண்டும். வளைத்தால் வளைந்து கொடுப்பது மென்பிளாஸ்டிக். கையில் கனத்தால் அநேகமாக ஈயம். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893-இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பு முறையைக் கொண்டுவந்து, 1966 வரை ஈயச் சிப்பாய்களைத் தயாரித்தது. அத்தகைய பழைய உருவங்களில் மூல வண்ணம் ஓரளவு மிஞ்சியிருந்தாலும் அவற்றைத் தொடாதீர்கள். சேகரிப்பாளர்கள் மதிப்பது அந்த வண்ணத்தைத்தான், ஒருமுறை சுரண்டிவிட்டால் அது திரும்ப வராது. வண்ணம் முழுவதும் போனவையும் மலிவான பிளாஸ்டிக் சிப்பாய்களுமே பழகுவதற்கு ஏற்றவை.

ஈயத்தை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது, அதன் தூள் நஞ்சு. கையுறை அணிந்து, நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, மேசையை ஈரத்துணியால் துடைத்து, கைகளைச் சோப்பால் கழுவுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். ஈயத்தின் மேல் வெண்சாம்பல் தூள் பூத்திருந்தால் அது அரிப்பு. ஓக் போன்ற மரப் பெட்டிகளிலிருந்து கசியும் அமில ஆவியே பெரும்பாலும் அதற்குக் காரணம் என்பதால், அந்த உருவத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்தது கழுவுதல். பிளாஸ்டிக்கின் மேல் அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை படிந்திருக்கும். நான் முதன்முதலில் கழுவாமலேயே வண்ணம் பூசிய சிப்பாயின் துப்பாக்கி, இரண்டே நாளில் பட்டை பட்டையாக உரிந்து வந்தது. வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஓரிரவு உலரவிடுங்கள். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோட்டைக் கத்தியால் மெல்லச் சீவி எடுக்க வேண்டும். மென்பிளாஸ்டிக்கில் உப்புத்தாளைப் போட்டால் மேற்பரப்பு பஞ்சு போலப் பிசிறிவிடும்.

உருவத்தை மாற்ற விரும்புவோர் தலை மாற்றத்திலிருந்து தொடங்கலாம். இரண்டு பிளாஸ்டிக் சிப்பாய்களின் தலைகளையும் சட்டைக் காலர் விளிம்பிலேயே அறுத்தெடுங்கள். இணைப்பைக் காலரே மறைத்துவிடும். இந்தப் பிளாஸ்டிக்கில் பசை மட்டும் நிற்காது. ஆகவே கழுத்தின் நடுவிலும் தலையின் அடியிலும் 1 மில்லிமீட்டர் துளையிட்டு, சிறு பித்தளைக் கம்பியைச் செருகிப் பசையிட வேண்டும். பசை இறுகுமுன் தலையை இலேசாக ஒரு தோளின் பக்கம் திருப்பிவையுங்கள்: நேராக வெறித்துக்கொண்டிருந்தவர், ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பியவராகிவிடுவார். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்த கணம் இதுதான். எஞ்சிய இடைவெளியை, எபாக்ஸி புட்டியால் (இரண்டு கூறுகளாக வரும், சம அளவில் சேர்த்துப் பிசைந்ததும் இறுகும் களிமண் போன்ற நிரப்பி) நிரப்பி, ஈர ஊசியால் நீவி, ஒருநாள் இறுகவிடுங்கள். கையின் நிலையை மாற்ற, வெந்நீரில் முக்கி வளைத்து, அப்படியே பிடித்தபடி குளிர்நீரில் அமிழ்த்தினால் போதும். ஈயக் கைகளை வளைக்க முயலாதீர்கள், முறிந்துவிடும்.

இனி சிப்பாயை ஒரு பாட்டில் மூடியின் மேல் ஒட்டி, மூடியை மட்டும் பிடித்தபடி வேலை செய்யுங்கள். பிளாஸ்டிக்குக்கு ஏற்ற பிரைமரை, அதாவது வண்ணம் பிடித்து நிற்க உதவும் அடிப்பூச்சை, மெல்லிய ஒரு பூச்சாகப் பூசி உலரவிட்ட பின், அக்ரிலிக் வண்ணத்தைப் பால் பதத்துக்கு நீர் கலந்து இரண்டு மூன்று முறை பூச வேண்டும். கெட்டியாக ஒரே முறை பூசினால் பொத்தானும் மடிப்பும் மூழ்கிப்போகும். முதலில் முகமும் கைகளும், பிறகு சீருடை, அதன்பின் வார், கடைசியில் துப்பாக்கி என்று உள்ளிருந்து வெளியே வந்தால் பிசிறுகளைத் திருத்துவது எளிது. நீர்த்த அடர்பழுப்பை மடிப்புகளில் ஓடவிட்டு, அது உலர்ந்ததும் வெளிர்நிறம் தொட்டுத் துணியில் துடைத்த தூரிகையால் மேடுகளை மட்டும் வருடுங்கள். ஏறத்தாழ 54 மில்லிமீட்டர் உயரமுள்ள உருவத்தில் கண்ணுக்கு வெள்ளைப் புள்ளி வைத்தால் திகைத்த முகமாகிவிடும். அடர்பழுப்பில் மெல்லிய கோடு ஒன்றே போதும்.

முழுவதும் உலர்ந்தபின், பளபளப்பற்ற வார்னிஷை மெல்லியதாக இருமுறை பூசுங்கள். முதல் பூச்சு நன்றாகக் காய்வதற்கு முன் இரண்டாவதைப் பூசினால் வெண்மூட்டம் படர்ந்துவிடக்கூடும்.